தன்மை ஒருமை

மில்டூரா நகரமன்ற மண்டபம்.
ஒன்பது மேசைகள், எழுபத்திரண்டு நாற்காலிகள்.
வாசலில் நின்று பெயரட்டை குத்தும் வேலை எனக்கு.
நவம்பர் வெயில் இறங்கியும் சூடு இறங்கவில்லை.
மர்ரே ஆற்றுக் கொசுக்கள்
அழைப்பிதழ் இல்லாமலே உள்ளே போயின.

முதலில் லாட்ஜி லாட்ஜிப் பெண்ணொருத்தி
இது எங்கள் மண், வாருங்கள் என்றாள்.
அடுத்து நகரத் தலைவர் ஹெக்கார்ட்.
அவர் பேச்சில் 'நாம்' இருபது தடவை வந்தது.
அல்லது 'நாங்கள்'.
அவர் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
எழுதும்போது எனக்குத்தான் கை நிற்கிறது:
கேட்பவரைச் சேர்த்தா, விட்டுவிட்டா?
அவரிடமே கேட்டிருந்தால் குழம்பியிருப்பார்.
நல்ல மனிதர்.

கேடயங்கள் கண்ணாடியில், திராட்சை இலை வடிவில்.
புருண்டி மேளம் கற்றுத்தரும் ஒனேசிம்
வாங்கியதும் விரலால் தட்டிப் பார்த்தார், ஓசை வருமா என்று.
இத்தாலியச் சங்கத்துப் பெப்பினோ
முழங்காலைக் காட்டிப் படியேற மறுத்தார்.
கேடயம் இறங்கி வந்தது.

ஒன்பதாம் மேசையில் ஒரு நாற்காலி காலி.
மூடிவைத்த தட்டை எட்டேகாலுக்கு எடுத்துப் போனார்கள்.

பெரிய விருது கடைசியில்.
குல்சும் ரெசாயி, மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர்.
மற்றவர்களுக்கு ஒரு பக்கம் வாசித்தார்கள்,
இவளுக்கு நாலு வரி.
பதினோரு ஆண்டுகள். பல குடும்பங்கள்.
சம்பளக் கணக்கில் ஏறாத பல இரவுகள்.
அதற்குமேல் யாருக்கும் தெரியாது;
தெரிந்த ஒருத்தி சொல்லக்கூடாது.

ஒருமுறை பயிற்சி வகுப்பில் சொல்லியிருக்கிறாள்:
'அவர் சொல்கிறார்' என்று ஆரம்பிக்கவே கூடாது.
அவர் 'நான்' என்றால் நானும் 'நான்'.

எனக்கு இடது கை மரத்துவிட்டது.
நான் கையெழுத்துப் போடமாட்டேன்.
என் குழந்தை ஏன் இன்னும் அழவில்லை?

உடனே அந்தப் பக்கம் திரும்பி, அதே தொண்டையில்,
மன்னியுங்கள், எங்களால் ஆனதைச் செய்தோம்.

உதாரணங்கள் கற்பனை, என்றாள்.
இன்னொரு முறையும் சொன்னாள், கற்பனை.

சமையலறைக் கதவு வழியாக ஓடிவந்தாள்.
சட்டையில் மருத்துவமனைச் சீட்டு ஒட்டியபடியே இருந்தது.
நான் பெயரட்டையோடு எட்டுவதற்குள்
மேடையில் நின்றாள், கேடயம் ஒரு கையில்,
எதிரே ஒலிவாங்கி.

'நான்' என்றாள்.

நின்றாள்.
தலை தானாக இடப்பக்கம் திரும்பியது.
நோயாளி உட்காரும் பக்கம்.
அங்கே ஒரு பூச்சாடி.
பூச்சாடி ஒன்றும் சொல்லவில்லை.

யாரோ இருமினார்கள்.
ஹெக்கார்ட் கைதட்டத் தொடங்கிப் பாதியில் விட்டார்.

'நான் காலையில் ஒரு ரொட்டித் துண்டு தின்றேன்.
எனக்குப் பசிக்கிறது.'

அவ்வளவுதான் உரை.
பெப்பினோதான் முதலில் சிரித்தார்.
மண்டபம் அவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை; உண்மையிலேயே பசி.

சமையலறையில் தட்டுகளை வழித்தாயிற்று.
தொங்காக்காரி லூசியானே குனிந்து
மேசைக்கடியிலிருந்து ஓர் அலுமினியப் பொட்டலம் எடுத்தாள்.
நகரமன்றச் சாப்பாட்டை நம்பி
அவள் எந்த விழாவுக்கும் வந்ததில்லை.
மரவள்ளிக் கிழங்கு, தேங்காய்ப்பாலில் கோழி.
'கோழி ஹலாலா?'
'உன் மைத்துனன் கடையில்தான் வாங்கினேன்,
ஐம்பது காசு அதிகம் பிடுங்கினான்.'
ஒனேசிம் கேக்குக் கரண்டியைத் துடைத்துக் கொடுத்தார்.

நன்றியுரை ஓடிக்கொண்டிருந்தது.
பன்முகம், இணக்கம், பெருமிதம்.
நான் கேட்கவில்லை.
ஒருத்தி கிழங்கைப் பிட்டு, ஊதி,
அவசரமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள்.
கிழங்கு ஆறித்தான் இருந்தது. ஆனாலும் ஊதினாள்.

கைப்பேசி அதிர்ந்தது. கவிழ்த்து வைத்தாள்.
மறுபடி அதிர்ந்தது.
விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

'ஆமாம், நான்தான். சொல்லுங்கள்'
என்றபடி என்னைக் கடந்து வெளியே போனாள்.

கேடயம் மேசையில், எண்ணெய் விரல் ரேகையோடு.
அவள் பெயரட்டை இன்னும் என் கையில்,
ஊசி திறந்தபடி.